நாற்பது டிகிரி

படகு போய்க்கொண்டிருந்தது, மீட்டர் மட்டும் பூஜ்யம் என்றது. ஜெசிந்தா கையிலிருந்த வேர்க்கடலைத் தோலைத் தண்ணீரில் போட்டாள். அது படகின் விலாவை உரசிக்கொண்டு பின்னால் போய், சுக்கானைத் தாண்டி, கண்ணுக்குத் தெரியாமல் ஆனது. போகத்தான் செய்கிறது, நல்ல நடை வேகம் இருக்கும், ஆனால் மீட்டரைக் கேட்டால் பூஜ்யம், புள்ளிக்கு அப்புறமும் பூஜ்யம். இது நல்ல பழுது என்று நினைத்துக்கொண்டாள். செத்துப்போன கருவி யாரையும் ஏமாற்றாது. பாதி உயிரை வைத்துக்கொண்டு ஏதாவதொரு எண்ணைக் காட்டுகிறதே, அதோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாகத் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் வயர்லெஸ், ஜி.பி.எஸ்., மீன் இருக்கும் இடம் காட்டும் கருவி என்று எத்தனையோ பெட்டிகளைத் திறந்து மூடியவள், நாற்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக ஒரு பாய்ப்படகில் ஏறியிருக்கிறாள். எல்லா வேலையும் இதுவரை கரையில் கட்டிக் கிடந்த படகுகளில்தான். கட்டிக் கிடக்கும் படகு ஒரு அறை மாதிரி, தரை ஆடும், அவ்வளவுதான். இது அப்படியில்லை. எஞ்சின் சத்தம் இல்லாமல் இவ்வளவு பெரிய சாமான் தானாக நகர்வதே அவளுக்கு உடம்பை என்னவோ செய்தது. யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கிப் போவதைப் போல இருந்தது. படகின் பெயர் ஆலா. அதன் சொந்தக்காரி மங்கையர்க்கரசி கடற்படையில் இருந்து விலகி இரண்டு வருஷமாகிறது, வயது நாற்பத்து நாலு, அரசி என்று கூப்பிட்டால் போதும் என்று சொல்லியும் ஜெசிந்தாவுக்கு மேடம் என்றுதான் வருகிறது. தனியாக மாலத்தீவுக்குப் போகப் போகிறாள், நானூறு கடல் மைல், நாலு பகல் நாலு இரவு. காலையில் கயிற்றை அவிழ்க்கும்போது, டீ சொல்லட்டுமா என்று கேட்கிற அதே குரலில் சொன்னாள்: “நீங்க சரின்னு சொன்னா நாளைக்குக் கிளம்பிடுவேன் அக்கா.” அந்த வாக்கியம் அப்போதே ஜெசிந்தாவின் தொண்டையில் மீன் முள்ளாக மாட்டியது. முயல் தீவைத் தாண்டி ஒன்றரை மணி நேரமாகியும் இறங்கவில்லை. நான் சரி என்றால். நான் யார் சரி என்று சொல்ல.

வேகம் காட்டும் சக்கரம் படகின் அடிவயிற்றில் இருந்தது. தரைப் பலகையைத் தூக்கினால் ஒரு குழாய், அதற்குள் ஒரு தக்கை, தக்கையின் நுனியில் கட்டைவிரல் நகம் அகலத்தில் ஒரு சின்னச் சக்கரம். தண்ணீர் ஓடினால் அது சுழலும், சுழற்சியை எண்ணி மீட்டர் வேகம் சொல்லும். அதைச் சுத்தம் செய்ய வேண்டுமென்றால் தக்கையை உருவ வேண்டும், உருவினால் அங்கே படகில் ஓட்டை. வேண்டுமென்றே படகில் ஓட்டை போடுவது. மூடுவதற்கு மாற்றுத் தக்கையை இடது கையில் தயாராகப் பிடித்துக்கொண்டு, வலது கையால் திருகி இழுத்தாள். கடல் உள்ளே வந்தது. ஒரு முழ உயரத்துக்கு, கண்ணாடிக் கம்பிபோல நேராக எழும்பி நின்றது. வெளியே பச்சையாகவும் நீலமாகவும் தெரிவது உள்ளே வரும்போது ஒரு நிறமும் இல்லாமல் வருகிறது. இரண்டு விநாடிதான், ஆனால் அந்த இரண்டு விநாடியும் அவள் கை வேலையை மறந்து நின்றது. இத்தனை நேரமும் இது இங்கேதான் இருந்திருக்கிறது, ஒரு விரற்கடைப் பலகைக்கு அந்தப் பக்கம், இதே அழுத்தத்தோடு, ஒரு துளை கிடைக்குமா என்று. மாற்றுத் தக்கையை அடித்து இறக்கினாள். முகமெல்லாம் உப்பு. மேலேயிருந்து அரசி எல்லாம் சரியா என்று கேட்டாள், சரி என்று இவள் சொன்னாள், சொன்ன பிறகு அந்த வார்த்தை இவ்வளவு சுலபமாக வாயில் வருகிறதே என்று பயந்தாள். சக்கரத்தின் இதழ்களுக்கு நடுவே மூன்று கொட்டலசு, படகின் அடியில் கல் மாதிரி ஒட்டி வளரும் கடல் பூச்சி, ஒட்டியிருந்தது, அரிசி மணி அளவு. படகு எட்டு வாரம் கட்டிக் கிடந்ததில் குடி வந்திருக்கிறது. பிரஷ்ஷை எடுத்தவள் என்னவோ தோன்ற, ஒரு டம்ளரில் கடல் தண்ணீர் மொண்டு சக்கரத்தை அதில் போட்டு, படகின் குலுக்கலில் தண்ணீர் அடங்கக் காத்திருந்தாள். காத்திருக்க நேரமில்லைதான். ஒன்று திறந்தது. வெள்ளைக் கதவைத் திறந்து இமை மயிர் மாதிரி ஒரு விசிறி வெளியே வந்து, தண்ணீரை ஒரு பிடி அள்ளிக்கொண்டு உள்ளே போனது. திரும்ப வந்தது. அள்ளியது. இந்தக் கல்லுக்குள் ஒருத்தர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், அவர் சாப்பிட உட்கார்ந்ததால் ஒரு படகுக்குத் தன் வேகம் தெரியாமல் போய்விட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது, ஏனென்று தெரியவில்லை. மன்னிச்சுக்கோ என்று சொல்லிவிட்டுத்தான் சுரண்டினாள்.

சக்கரம் சுற்றியது, மீட்டர் உயிர் பெற்றது, மூன்று புள்ளி நாலு. பக்கத்திலிருந்த ஜி.பி.எஸ். நாலு புள்ளி ஒன்று என்றது. ஒரே படகு, ஒரே நேரம், இரண்டு வேகம். அரசி சிரித்துக்கொண்டே, இரண்டும் சரிதான், சக்கரம் தண்ணீரில் எவ்வளவு வேகம் என்று சொல்கிறது, மற்றது பூமிக்கு மேல் எவ்வளவு வேகம் என்று சொல்கிறது, நடுவில் இருக்கிற வித்தியாசம் நீரோட்டம் என்றாள். ஜெசிந்தாவுக்கு இது தெரியும், கல்லூரியில் படித்ததுதான், மீனவர்களுக்கு வாயால் விளக்கியதும் உண்டு. தெரிவது வேறு, அதன் மேல் உட்கார்ந்திருப்பது வேறு. நின்றுகொண்டிருப்பதாக அவள் நினைத்த இந்தக் கடல் முழுக்க, அந்த முயல் தீவை விட்டு இந்தப் பக்கம் எல்லாத் தண்ணீரும், அலையும் நுரையும் மீனும் அவள் போட்ட கடலைத் தோலும், தெற்கே நடந்துகொண்டிருக்கிறது, யாரிடமும் சொல்லாமல். அடுத்தது காற்று. காற்றுக் கருவி பாய்மரத்தின் உச்சியில், ஐம்பதடி உயரத்தில். வேகத்துக்குச் சுழலும் மூன்று கிண்ணமும் திசைக்கு ஒரு வாலும். துறைமுகத்துக்குள் ஒழுங்காகக் காட்டியது கடலுக்கு வந்ததும் மாறிப்போனது. படகின் வேகம் தெரியாமல் காற்றைக் கணக்குப் போட முடியாது என்பதால் முதலில் வேகத்தைச் சரி செய்தார்கள், அப்படியும் திருந்தவில்லை. பாய்மரத்தின் அடியில் வயர் இணைப்பைக் கழற்றினாள், செம்பில் பச்சைக் களிம்பு, தேய்த்துத் துடைத்து மாட்டினாள், அப்படியும் இல்லை. கன்னத்தில் அடிப்பது நல்ல கொண்டல், கிழக்கிலிருந்து. பின்பக்கம் கட்டியிருக்கும் கொடியும் அதையே சொல்கிறது. மீட்டரோ, இல்லை, வாடைக்கொண்டல், வடகிழக்கு என்கிறது. நாற்பது டிகிரி வித்தியாசம். முன்னப்பின்னத் துடிக்காமல், ஆடாமல், நாற்பதிலேயே நிற்கிறது. அரசி யோசித்துவிட்டு, உச்சியில் அது திருகிக்கொண்டிருக்கும், பறவை ஏதாவது உட்கார்ந்திருக்கும், மேலே ஏறிக் கழற்ற வேண்டியதில்லை, மீட்டரிலேயே நாற்பது டிகிரி திருத்தம் போட்டுவிடலாம் என்றாள். நியாயமான யோசனை. எல்லாரும் செய்வதுதான். மூன்று பட்டன். ஜெசிந்தா முதல் பட்டனை அழுத்தினாள், இரண்டாவதையும் அழுத்தினாள், திரையில் நாற்பது என்று எண் வந்து, உறுதியா என்று கேட்டது. அவள் கட்டைவிரல் அங்கே நின்றுவிட்டது.

எண்பத்து மூன்று. அன்றைக்கு அந்தச் சின்னத் திரையில் அதுதான் நின்றது. ஆடாமல் நின்றது, துடிக்கவில்லை, அதைத்தானே முதலில் கவனித்திருக்க வேண்டும், கோளாறான கருவி ஆடும், இது ஆடவே இல்லையே. கொரோனா ஊரடங்கு நாள், மே மாதம், கணவர் கஸ்பாருக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து ஃபேன் சத்தத்துக்கு மேல் கதை சொல்லிக்கொண்டிருந்தார். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர், கிளிப் மாதிரி, அவள்தான் வாங்கி வந்தாள். எண்பத்து மூன்று என்றதும் அவர் சிரித்தார். “மிஷின் கோளாறுட்டி, பேட்டரிய மாத்து.” யாருக்கு எண்பத்து மூன்று? கஸ்பாருக்கா? சங்கு குளிக்கிற ஆள், கயிற்றைப் பிடித்துக்கொண்டு பத்துப் பாகம், அறுபதடி ஆழம் இறங்கி, மேலே நிற்பவர்கள் பயந்துபோகும்வரை அடியில் இருந்துவிட்டு, மடி நிறையச் சங்கோடு சிரித்துக்கொண்டே வருகிற ஆள். அந்த நெஞ்சுக்குள் காற்று குறையுமா? அவள் பேட்டரியை மாற்றினாள். எண்பத்து மூன்று. கிளிப்பைத் துடைத்தாள், அவர் விரலைத் துடைத்தாள், விரல் ஜில்லென்று இருக்கிறது அதனால்தான் என்று வெந்நீரில் வைத்தாள், வேறு விரலில் மாட்டினாள், தன் விரலில் மாட்டினாள், தொண்ணூற்றெட்டு. அவருக்கு மாட்டினாள், எண்பத்து இரண்டு. கிளிப்பைப் பிரித்து உள்ளே இருந்த சின்ன விளக்கைப் பார்த்தாள். பிரித்தாள். சாப்பாட்டு மேஜையில், திருப்புளியை எடுத்து வைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, கைதேர்ந்த மெக்கானிக். இரண்டே முக்கால் மணி நேரம். கருவி ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது, கத்தாமல், கோபப்படாமல், அவள் வாயைப் பொத்தப் பொத்த அதையே சொன்னது. அவர் கதை சொல்வதை நிறுத்திய பிறகுதான் அவள் தலையைத் தூக்கினாள். உதடு நாவல் பழம். ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு நாள். பிழைத்தார். பிழைத்தார் மாதாவே, பிழைத்தார், இப்போது வீட்டு வாசலுக்கும் தெரு முனைக்கும் நடுவில் மூன்று தடவை நின்று நின்று போகிறார், கடலைப் பார்க்க மகன் பைக்கில் போகிறார். அந்த இரண்டே முக்கால் மணி நேரம் முந்தியிருந்தால் என்று டாக்டரிடம் அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஒரு பதில் வந்திருக்கும். கஸ்பாருக்கும் தெரியாது, அவருக்கு அன்று சாயங்காலமே ஞாபகத்தில் இல்லை, பேட்டரியை மாற்றச் சொன்னதும் தெரியாது. அதை அவளைத் தவிர இந்த உலகத்தில் யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

திரை இன்னும் உறுதியா என்று கேட்டுக்கொண்டிருந்தது. ஜெசிந்தா வேண்டாம் என்ற பட்டனை அழுத்தினாள். “மேடம், நான் மேல போய்ப் பாத்துட்டு வந்துருதேன்.” அரசி ஆச்சரியப்பட்டாள். ஓடுகிற படகில் மரம் ஏறுவது வழக்கமில்லை, அலை இல்லாவிட்டாலும் கீழே ஒரு சாண் ஆட்டம் மேலே இரண்டு ஆள் உயரம் வீசும், அதுவும் பழக்கமில்லாதவர்கள், கரைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாமே என்றெல்லாம் சொன்னாள். கரையில் இது சரியாகத்தானே காட்டுகிறது, இங்கே என்ன பார்த்து இப்படிச் சொல்கிறதென்று இங்கேதானே தெரியும் என்றாள் ஜெசிந்தா. அரசி எழுந்தாள். பிறகு முன்பாயைச் சுருட்டி, பெரிய பாயைத் தளர்த்திப் படகை நிற்கவைத்து, துணி ஊஞ்சல் மாதிரி ஒன்றை எடுத்து வந்து இடுப்பிலும் தொடையிலும் வார் பூட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். பாய்களில் காற்று பார்க்கக் கட்டும் சிவப்புக் கம்பளி நூல் உருண்டையை ஜெசிந்தா பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். உச்சியிலிருந்து வரும் கயிற்றை அரசி இழுக்க, கப்பி கிரீச்சிட்டது, கால் தரையை விட்டது. பத்தடியில் தைரியமாக இருந்தாள். இருபதடியில் மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள், முகத்தை அலுமினியத்தில் அழுத்திக்கொண்டாள், அது இதமாகச் சூடாக இருந்தது. கீழே பார்க்காதே என்று யாரும் சொல்லவில்லை, அவளாகவே சொல்லிக்கொண்டாள், சொன்னதும் பார்த்தாள். படகு ஒரு வாழையிலை அளவு, அதில் அரசி ஒரு கத்தரிக்காய்த் துண்டு. இந்தக் கயிறு ஒன்றுதான், அதன் மறுமுனை அந்தத் துண்டின் கையில். கஸ்பார் இப்படித்தானே இறங்கியிருப்பார், கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேலே யாரோ பிடித்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில். அவர் கீழே, நான் மேலே. மரம் ஆடியது, வலது பக்கக் கடலுக்கு மேல் கொண்டுபோய்க் காட்டியது, பிறகு இடது பக்கக் கடலுக்கு. அருள் நிறைந்த மரியே என்று தொடங்கிப் பாதியில் மறந்துபோய் மறுபடி தொடங்கினாள். முப்பத்தைந்தடி இருக்கும், எதுவோ மாறியது. முதலில் வெயில் என்று நினைத்தாள். வியர்வை வலது கன்னத்தில்தான் காய்ந்துகொண்டு வந்தது, இப்போது நெற்றியில் காய்கிறது. தலையைத் திருப்பாமல்தான் இருக்கிறாள், மரத்தைக் கட்டியபடியேதான் இருக்கிறாள். காற்றுதான் திரும்பியிருக்கிறது. இன்னும் நாலடி. இன்னும் குளிர்ச்சி, இன்னும் வடக்கே. உச்சியில் கருவி அவள் கண்ணுக்கு நேராக வந்தது. எதுவும் திருகவில்லை, பறவை எச்சம்கூட இல்லை, மூன்று கிண்ணமும் பூப்போலச் சுற்றின, வால் உறுதியாக வடகிழக்கைக் காட்டியது. அவள் எச்சில் தொட்ட விரலைத் தூக்கினாள். விரலும் வடகிழக்கு என்றது. கீழே ஒரு காற்று, மேலே ஒரு காற்று. ஒன்றின் மேல் ஒன்று, பாய் விரித்து அதன் மேல் பாய் விரித்த மாதிரி, இரண்டும் கலக்காமல் போய்க்கொண்டிருக்கிறது, நடுவில் அவள் தொங்கிக்கொண்டிருக்கிறாள்.

அப்போதுதான் தட்டான்களைப் பார்த்தாள். ஒன்று கருவியைத் தாண்டிப் போனது, கடலில் தட்டானா என்று அதைத் தொடர்ந்து கண்ணை ஓட்டினால், இன்னொன்று, அதற்கு அந்தப் பக்கம் நாலைந்து, கண் பழகப் பழக வானம் முழுக்க. வெயில் படும்போது மட்டும் சிறகு மின்னியது, மின்னாதபோது இல்லாத மாதிரி இருந்தது. மஞ்சள் உடம்பு, வால் நுனியில் லேசாகச் சிவப்பு. மழை வருவதற்கு முன்னால் தெருவில் தாழப் பறக்குமே அதே தட்டான்தான், ஆனால் இங்கே சுற்றவில்லை, விளையாடவில்லை, ஒன்றையொன்று துரத்தவில்லை. சிறகை விரித்துக் காற்றின் மேல் சாய்ந்து, எல்லாம் ஒரே பக்கமாக, தென்மேற்கே, கரையில்லாத பக்கம். அவள் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் ஒன்று போனது, கண்ணா அது, இரண்டு பெரிய தவிட்டுநிறக் கண்ணாடி, அவளைப் பார்த்ததா தெரியாது, விலகிப் போனது. சத்தமே இல்லை. எத்தனை இருக்கும், ஆயிரமா, லட்சமா, கணக்கு நின்றுவிட்டது அவளுக்கு, கணக்கு என்று ஒன்று உண்டு என்பதே மறந்தது. உட்கார ஒரு புல் இல்லை, ஒரு கம்பி இல்லை, இருக்கிற ஒரே கம்பி இந்த மரம், இதையும் எதுவும் சட்டை செய்யவில்லை. கீழே இருந்த காற்றில் ஒன்றுகூட இல்லை. இந்த அடுக்கைக் கண்டுபிடித்து, இதில் ஏறி. யார் சொன்னது அதுகளுக்கு? கை மரத்தை எப்போது விட்டது என்று தெரியவில்லை. இரண்டு கையும் மடியில் கிடந்தன, பயம் எங்கேயோ கழன்று விழுந்திருந்தது, அது போன சத்தம்கூடக் கேட்கவில்லை. என்ன பழுது என்று கீழேயிருந்து அரசி கேட்டாள், குரல் மெலிதாக வந்தது. ஜெசிந்தா நூலைக் கடித்துத் துண்டாக்கி, மரத்தைத் தாங்கும் கம்பியில் கைக்கெட்டிய இடத்தில் கட்டினாள். மெல்ல இறக்குங்கள் என்று சைகை காட்டினாள். ஐந்தடிக்கு ஒரு நூல், நிறுத்தி நிறுத்தி, பத்து நூல் கட்டிக்கொண்டே இறங்கினாள்.

அவள் தரையில் கால் வைத்தபோது அரசி கேள்வி கேட்கிற முகத்தோடு இருந்தாள். ஜெசிந்தா கம்பியைக் காட்டினாள். அடியிலிருந்த நூல் கொண்டலுக்கு மேற்கே நேராகப் பறந்தது, அடுத்ததும் அப்படித்தான், ஆறாவது நூல் கொஞ்சம் யோசித்தது, ஏழாவது திரும்பியிருந்தது, உச்சி நூல் தென்மேற்கே விறைத்து நின்றது. பத்து சிவப்பு நூலும் சேர்ந்து ஒரு சுழல் படிக்கட்டு. அரசி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். இருபது வருஷம் கடலில் இருந்திருக்கிறேன், படித்திருக்கிறேன், கேள்விப்பட்டிருக்கிறேன், இவ்வளவு பச்சையாகப் பார்த்ததில்லை என்றாள். கிழக்கே வெயில் ஏறும்போது தாழ்வாக ஒரு காற்று உள்ளே நுழையும், மேலே பழைய காற்று அப்படியே இருக்கும், மத்தியானம் ஆனால் இரண்டும் ஒன்றாகிவிடும் என்றாள். அவசரப்பட்டு நாற்பது டிகிரி போட்டிருந்தால், மத்தியானத்திலிருந்து மாலத்தீவு வரைக்கும் ஒவ்வொரு நிமிஷமும் கருவி அவளுக்குத் தப்பாகவே சொல்லியிருக்கும், அவள் சரி என்று நம்பிப் பாயைத் திருப்பியிருப்பாள், தூங்கியும் இருப்பாள். இதை அவள் நிதானமாக, கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். பட்டன்மேல் விரலை வைத்துவிட்டு எதற்காக எடுத்தீர்கள் என்று பிறகு கேட்டாள்.

ஜெசிந்தா இடுப்பு வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்று நினைத்தாள், ஆனால் வாய் திறந்துகொண்டது. “ஒரு தடவை மீட்டர் உள்ளதத்தான் சொல்லிச்சு மேடம். நான் நம்பாம அதப் பிரிச்சுப் போட்டுட்டேன். எங்க வீட்டுல அவுக விரல்ல மாட்டியிருந்த மீட்டர்.” மூன்று வாக்கியம். மூன்றரை வருஷத்தில் முதல் தடவை. சொன்னதும் வானம் இடியவில்லை, கொடி அதே பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. அரசி தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். ஜெசிந்தா குடித்தாள், பிறகு தொழில் குரலில், வேகம் சரியாகிவிட்டது, காற்றுக் கருவியில் பழுதே இல்லை, எந்தத் திருத்தமும் போட வேண்டாம் என்றாள். அப்படியென்றால் நாளைக்குக் கிளம்பலாமா என்று அரசி கேட்டபோது, காலையிலிருந்து தொண்டையில் நின்ற பதில் வேறு மாதிரி வந்தது. “கருவி சொல்லுறது நெசம்னு நான் சொல்லுவேன். போறதும் இருக்கறதும் நீங்க பாத்துக்கணும் மேடம்.” அரசி தலையசைத்தாள். இதற்குத்தான் உங்களைக் கூட்டி வந்தேன் என்பது மாதிரி இருந்தது அந்தத் தலையசைப்பு, அல்லது ஜெசிந்தாவுக்கு அப்படித் தோன்றியது.

தட்டான் விஷயத்தைக் கடைசியில்தான் சொன்னாள், யாரும் நம்ப மாட்டார்கள் என்ற கூச்சத்தோடு. அரசி நிமிர்ந்து வானத்தைத் தேடினாள், வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. மாலத்தீவில் அக்டோபரில் தட்டான் கூட்டம் வந்து இறங்கும், அங்கே முட்டையிடக் குளமோ ஆறோ கிடையாது, எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று அந்த ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள் என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு ஜெசிந்தாவின் கையிலிருந்த ஊஞ்சலை வாங்கித் தானே மாட்டிக்கொண்டாள். “என்னை ஏத்திவிடுறீங்களா அக்கா?” கப்பியை எப்படிச் சுற்றுவது, எப்படிப் பூட்டுவது என்று இரண்டு தடவை காட்டினாள், ஜெசிந்தா இரண்டு தடவை செய்து காட்டினாள். கயிறு இறுகியது. ஒரு முழு ஆளின் கனம் உள்ளங்கைக்கு வந்தது, சூடாக, உயிரோடு, சின்னச் சின்ன அசைவோடு. ஒவ்வொரு நூலாகத் தாண்டி அரசி மேலே போனாள், ஏழாவது நூலில் ஒரு கையை நீட்டிக் காற்றைத் தொட்டாள், உச்சிக்குப் போனாள். ஜெசிந்தா கயிற்றைப் பூட்டிவிட்டு, பூட்டியது போதாதென்று கையிலும் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலேயிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது, கரை திரும்ப மூன்று மணி நேரமாவது ஆகும், மகன் போன் செய்துகொண்டிருப்பான். அவள் கூப்பிடவில்லை. அண்ணாந்து பார்த்தால் ஐம்பதடி உயரத்தில் செருப்பில்லாத இரண்டு உள்ளங்கால்கள் மட்டும் தெரிந்தன. மூச்சுவிட மறந்த மாதிரி வெகுநேரம் அசையாமல் இருந்துவிட்டு, பிறகு உயரமான நாற்காலியில் உட்காரவைத்த சின்னப் பிள்ளையின் கால்கள்போல, அவை ஆடத் தொடங்கின.